வீட்டுக்கு வரும் ஆய்வாளரிடம் என்னவெல்லாம் கேட்கலாம்? எல்லையோரத் தமிழர்களுக்கான கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தோளில் பை, கையில் அட்டையில் செருகிய தாள்கள், கூடவே வழிகாட்ட ஓர் ஆஷா ஒர்க்கர். "யூனிவர்சிட்டியில் இருந்து வருகிறோம், பத்து நிமிஷம் போதும்" என்பார்கள். பத்து நிமிஷம் ஒருபோதும் போதாது. ஒருவர் நம் பேச்சைப் பதிவு செய்ய வருவார், இன்னொருவர் போர்வெல் தண்ணீரைப் புட்டியில் பிடிக்க, மற்றொருவர் பிள்ளையைத் தமிழில் படிக்க வைக்கிறீர்களா மலையாளத்திலா என்று கேட்க.

நான் இரண்டு பக்கமும் இருந்தவன். சின்ன வயதில் அப்பா பதில் சொல்லும்போது திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பிறகு அதே மாதிரி அட்டையோடு அடுத்தவர் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்திலும் என் காதில் விழுந்த கேள்விகள் இவை.

ஒரு சின்ன எச்சரிக்கை: நான் இனிமேல் சித்தூர் என்று சொல்வது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். ஆந்திராவிலும் தமிழ் எல்லையை ஒட்டி ஒரு சித்தூர் இருக்கிறது. இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்போம்.

ஏன் நம் ஊரையே தேடி வருகிறார்கள்? நாம் என்ன காட்சிப் பொருளா?

கோபம் நியாயமானதுதான். ஆனால் அவர்கள் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவாவதற்கு முன்பு, 1949 வரை, சித்தூர் கொச்சி ராஜாவின் ஆட்சியில் இருந்தது. பக்கத்துக் கொல்லங்கோடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கிழக்கே போனால் கோயம்புத்தூர் மாவட்டம். ஒரு மாட்டு வண்டி ஒரே நாளில் மூன்று நிர்வாகத்தைத் தாண்டியிருக்கும். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, மேல்படிப்புக்குக் கோழிக்கோடு என்று வாழ்கிற ஊர், மொழி ஆய்வாளருக்கும் கல்வி ஆய்வாளருக்கும் கிடைப்பது அரிது. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம். இடுக்கித் தேயிலைத் தோட்டங்களும் நம் பாலக்காட்டுக் கிழக்கும்தான் அதில் முக்கியமான பகுதிகள்.

வந்தவர் நிஜமாகவே ஆய்வாளரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடையாள அட்டை, துறையின் கடிதம், நெறியாளரின் (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின்) பெயர், தொலைபேசி எண். இந்த நான்கையும் கேளுங்கள். நல்ல ஆய்வாளர் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவார். ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு விவரமோ ஓடிபியோ கேட்டால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆய்வுக்கு ஓடிபி எதற்கு?

படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் மாட்டிக்கொள்வோமா?

மாட்டிக்கொள்வது நீங்கள் இல்லை, அவர்தான். ஒப்புதல் படிவம் உங்களைக் காப்பதற்காக ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ, சுகாதார ஆய்வு எதுவானாலும் முதலில் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவமோ அறிவியலோ படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் இருக்க வேண்டும். எனக்கு அந்தக் குழுவில் மிகவும் பிடித்த நாற்காலி இந்தச் சாதாரண ஆளுடையதுதான். "இது எங்க வீட்டுப் பாட்டிக்குப் புரியுமா?" என்று கேட்பது அவர் வேலை.

படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். எல்லையில் சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான். மலையாளத்தில் 'அவகாசம்' என்றால் உரிமை. நமக்கு அவகாசம் என்றால் நேரம். ஒருமுறை எங்கள் தெருவுக்கு வந்த ஒரு படிவத்தில், "ஆய்விலிருந்து விலக உங்களுக்கு அவகாசம் உண்டு" என்று தமிழ் எழுத்தில் அச்சடித்திருந்தது. பக்கத்து வீட்டு மாமா படித்துவிட்டு, "எத்தனை நாள் அவகாசம்னு போடலையே தம்பி" என்றார். வந்த பையனுக்குக் கேள்வியே புரியவில்லை. மாமாவிடம் இருந்தது காலக்கெடு இல்லாத உரிமை. அவருக்குச் சொல்லப்பட்டதோ கெடு குறிக்காத தவணை.

இன்னொன்றும் அந்தத் தாளிலேயே இருந்தது. "கடந்த மாதம் வீட்டில் யாருக்காவது பனி இருந்ததா?" மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைக் காய்ச்சல் என்றே எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகிய சொல். மீதிப் பேர், மார்கழி மாசம் பனி இல்லாமலா என்று 'ஆம்' போட்டுவிட்டார்கள். அதே போல 'வெள்ளம்'. "வீட்டுக்கு வெள்ளம் தினமும் வருகிறதா?" என்று குழாய்த் தண்ணீரைக் கேட்டால், தமிழ்ப் பாட்டி பதறிப் போவார். இதைச் சிரிக்கச் சொல்லவில்லை. இப்படிச் சேர்ந்த 'ஆம்'களும் 'இல்லை'களும் கணினிக்குள் போய் சதவீதமாக மாறி வெளியே வரும்போது, அதற்குள் ஒரு மார்கழிப் பனி இருப்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரு சொல் இடறினால் நிறுத்திக் கேளுங்கள். உங்களுக்கு இடறுகிறது என்றால் ஆய்வுக்கும் இடறுகிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் அப்போது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்கு. பாதியில் 'வேண்டாம்' என்று எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக ஆஸ்பத்திரியில் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது.

தண்ணீரையும் பிள்ளைகளின் பல்லையும் பார்த்துவிட்டுப் போனார்கள். எதற்கு?

பெரும்பாலும் ஃபுளோரைடு. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பகுதி, அடியில் கடினப் பாறை. மழை மறைந்து, கிணறு வற்றி, போர்வெல் ஆழம் கூடக் கூட, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய தண்ணீர் மேலே வருகிறது. பாறையில் இருக்கும் ஃபுளோரைடு அதில் கரைந்திருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால், நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமார் 8 வயதுக்குள், பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். நாம் அதைப் பாக்குக் கறை என்றும், பிள்ளை பல் தேய்ப்பதில்லை என்றும் திட்டிக்கொண்டிருப்போம். தேய்த்துப் போகிற கறை இல்லை அது. எந்த வயதில் எந்தத் தண்ணீர் குடித்தோம் என்று பல்லே எழுதி வைத்த குறிப்பு. அதனால்தான் பல் பார்க்க வருகிறவர்கள் பெரியவர்களை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். அளவு மிகவும் கூடினால் பல ஆண்டுகளில் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

கொதிக்க வைத்தால் போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது மிச்சத்தில் ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது.

உங்கள் போர்வெல்லில் எடுத்த மாதிரியின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "முடிவு வந்ததும் எங்கள் கிணற்றின் அளவை எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சராசரி நமக்கு உதவாது. பக்கத்துப் பக்கத்துப் போர்வெல்லிலேயே அளவு மாறும்.

மருந்து கொடுத்துப் பார்க்கிற ஆய்வு என்றால்?

அது வேறு விஷயம், இன்னும் கறாராக இருங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, படித்த பிள்ளை யாரிடமாவது தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், யாரும் பார்க்கலாம். சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சோதனையால்தான் பாதிப்பு என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் வைத்தே பிள்ளைகளிடம் கேட்டுவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் சம்மதித்தால் போதுமா?

போதாது. பள்ளிக்குள் நுழைய அவர் அனுமதி வேண்டும். பிள்ளையைக் கேட்க உங்கள் சம்மதம் வேண்டும். பிள்ளையின் சம்மதமும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாயால் சொன்னால் போதும், 12 முதல் 18 வரை எழுத்தில்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் கம்மத்தை நினைத்துக்கொள்ளலாம். அன்று ஆந்திராவில் இருந்த, இன்று தெலங்கானாவில் இருக்கும் அந்த மாவட்டத்தில் 2009-இல் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. பலர் பழங்குடி விடுதி மாணவிகள். பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து இருந்தது. 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது, நாடாளுமன்றக் குழு வரை விஷயம் போனது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. நல்ல மருந்தையும் கேட்காமல் போடக் கூடாது என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

பேசியதற்குப் பணம் கேட்கலாமா?

அரை நாள் கூலி போனால் அதையும் பஸ் காசையும் கேட்கலாம், கொடுக்கலாம். பணத்தைக் காட்டி ஆசை மூட்டித்தான் சம்மதம் வாங்கக் கூடாது.

நம் பேச்சைப் பதிவு செய்ய வருகிறார்கள். கலப்படத் தமிழை ரெக்கார்டு பண்ணி என்ன செய்யப் போகிறார்கள்?

முதலில் 'கலப்படம்' என்ற சொல்லை எடுத்துவிடுவோம். பாலில் தண்ணீர் கலந்தால் கலப்படம். இரண்டு மொழி நானூறு ஐந்நூறு வருஷம் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அதற்கு வேறு பெயர் வேண்டும்.

பேச்சுப் பதிவில் ஒரு வேடிக்கை உண்டு. பதிவுக் கருவியைப் பார்த்ததும் நம் அத்தை செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார். வந்தவருக்கு மரியாதை செய்கிறாராம். ஆனால் வந்தவர் தேடி வந்தது மாட்டைத் திட்டும்போது வருகிற தமிழை. நான் களத்துக்குப் போனபோது முதல் இரண்டு நாள் பதிவு எல்லாமே வீண். மூன்றாம் நாள் கருவியை மூடிவிட்டு, தென்னங்கள்ளு இறக்குவது பற்றி விசாரித்தேன். அப்புறம்தான் சொற்கள் வந்தன. திறந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுத் திரும்பவும் பதிவு செய்தேன். கேட்காமல் ஒளித்து வைத்துப் பதிவு செய்வது திருட்டு.

கேரளப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் மொழியியல் துறையைத் தொடங்கிய வ.அய். சுப்பிரமணியம் தமிழர்தான். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவரும் அவரே. வட்டார வழக்கு ஆய்வுக்குத் திருவனந்தபுரம் ஒரு பெரிய பட்டறையாக இருந்ததில் அவருக்குப் பங்குண்டு. நம் பேச்சை அழுக்கு என்று பார்க்காமல் ஆதாரம் என்று பார்க்கிற மரபு அது.

மருத்துவ ஆய்வு புரிகிறது. கதை, கூத்து, திருவிழா பற்றி ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது, கொஞ்சம் எரிச்சலோடு வரும் கேள்வியும் கூட. ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் (நம் மாசி) கொங்கன் படை என்ற விழா நடக்கிறது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவனைத் தோற்கடித்த நினைவு விழா. அதைப் பார்க்கக் கூடும் கூட்டத்தில் வீட்டில் கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! தோற்ற படையின் மொழியைப் பேசிக்கொண்டே வென்றவர்களின் விழாவில் நின்று வேடிக்கை பார்க்கிறோம், பொரி வாங்கித் தின்கிறோம். யாரும் சங்கடப்படுவதில்லை. எப்படி இது சாத்தியமாயிற்று? இரண்டு மாநிலத்துக்கு நடுவே தண்ணீர்ச் சண்டை வருகிற நாளில் இந்தக் கேள்விக்கு விலை உண்டு என்பது என் எண்ணம்.

இன்னொன்று தோல்பாவைக்கூத்து. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் (கூத்துக்கென்றே கட்டிய மேடைகளில்), மலையாளிகளான கலைஞர்கள் இரவு முழுவதும் கம்பராமாயணப் பாடலைத் தமிழில் சொல்லி, மலையாளத்தில் விளக்கம் தருகிறார்கள். எதிரில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும், அம்மன்தான் பார்வையாளர். கம்பனின் பாட்டு இங்கே எந்தெந்த மாற்றத்தோடு ஓதப்படுகிறது என்று பார்க்கத் தமிழும் மலையாளமும் தெரிந்த காது வேண்டும். அந்தக் காது நம் தெருவில் சும்மா கிடக்கிறது.

என் மகள் தமிழ் எம்.ஏ. முடித்திருக்கிறாள். பிஎச்.டி. சேர என்ன வழி?

சித்தூர் அரசுக் கல்லூரி 1947-இல் தொடங்கியது, தமிழ்த்துறை உண்டு, 1968-இல் உருவான கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை. தமிழ் அகராதி அறிஞர் வையாபுரிப் பிள்ளை பேராசிரியராக இருந்த துறை. ஆந்திர எல்லைப் பிள்ளைகளுக்கு 1997-இல் தொடங்கிய குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம் பக்கம். கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகம் நமக்குப் பஸ் தூரம்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு இன்னும் 2 ஆண்டு சலுகை, மகப்பேறு விடுப்பு 240 நாள். எம்.ஃபில். இப்போது இல்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஜேஆர்எஃப் இல்லாமல் சேருகிறவர்கள் வீட்டுக் காசில்தான் பெரும்பாலும் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இடம் கிடைப்பது நெறியாளரைப் பொறுத்தது. ஒரு பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4, அதற்கு மேல் முடியாது. தலைப்பைவிட நெறியாளரை முதலில் தேடச் சொல்லுங்கள். அவர் மாணவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று அவர்களிடமே விசாரிக்கச் சொல்லுங்கள். பெண் பார்க்கப் போவதைவிட அதிகம் விசாரிக்க வேண்டிய இடம் இது.

மலையாளம் படிக்காமல் கேரளத்தில் ஆய்வு செய்ய முடியுமா?

தமிழ்த்துறையில் ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாம். ஆனால் மலையாளம் தெரியாமல் கேரளத்தில் கள ஆய்வு என்பது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடப்பது. பேச நமக்கு வரும், படிக்கத்தான் பலருக்கு வராது. ஆறு மாதம் ஒதுக்கினால் எழுத்துப் பிடிபடும்.

தமிழ் வழிக் கல்வி பற்றி ஆராய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. இங்கே தமிழ் வழிப் பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்தைத்தான் தமிழில் படிக்கிறார்கள், தமிழ்நாட்டுப் புத்தகத்தை அல்ல. இது தெரியாமல் இரண்டு மாநிலப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒப்பிட்டு ஒருவர் கட்டுரை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நம் ஊரின் பழைய ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

எந்த ராஜாவிடம் இருந்தது என்பதைப் பொறுத்தது. சித்தூர் கொச்சியில் இருந்ததால் எர்ணாகுளம் மண்டல ஆவணக்காப்பகம். கொல்லங்கோடு, பாலக்காடு போன்ற மலபார் ஊர்களுக்குக் கோழிக்கோடு காப்பகம், கூடவே சென்னை எழும்பூர்க் காப்பகம். தேவிகுளம், பீர்மேடு திருவிதாங்கூரில் இருந்தவை, அவற்றுக்குத் திருவனந்தபுரம். இது தெரியாமல் ஒரு வருஷம் தவறான ஊரில் தூசி தட்டியவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

ஆவணத்தில் கேரளத்தின் பழைய ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு இருக்கும். மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பாட்டிகள் 'தொண்ணூத்தொம்பது வெள்ளம்' என்று சொல்வது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம், 1999 இல்லை.

ஆய்வு முடிந்ததும் யாரும் திரும்பி வருவதில்லையே?

உண்மை. இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். பட்டம் வாங்கியதும் வேலை தேட வேண்டும், ஊர் மறந்துபோகும். என் ஆய்வேட்டைக்கூட எனக்குப் பதில் சொன்ன வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நாலு வருஷம் ஆயிற்று; அதற்குள் இரண்டு பெரியவர்கள் போய்விட்டார்கள்.

நீங்களே தேடலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றன. இலவசம். எல்லாப் பல்கலைக்கழகமும் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவதில்லை. ஆனாலும் ஊர்ப் பெயரையோ தாலுகாவையோ போட்டுப் பாருங்கள். நம்மைப் பற்றி நமக்கே தெரியாத சிலது கிடைக்கும், சில தப்பும் கிடைக்கும். தப்பு என்றால் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

அதைவிட நல்லது, கையெழுத்துப் போடும் நாளிலேயே "முடிவைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி எங்கள் வாசகசாலையில் வையுங்கள்" என்று படிவத்தின் ஓரத்தில் எழுத வைப்பது. நாங்கள் ஒருமுறை அப்படிக் கேட்டோம். வந்த பெண் தயங்கினாள், பிறகு எழுதினாள், எட்டு மாதம் கழித்துக் கொண்டுவந்தும் கொடுத்தாள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்குச் சண்டை போட்டபோது அந்த இரண்டு பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனோம்.

தாத்தாவின் பழைய கணக்கு நோட்டுகள் பரணில் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணில் எழுதிய கூலிக் கணக்கும், நெல் அளந்த பறைக் கணக்கும், யாருக்கு எவ்வளவு கடன் என்ற குறிப்பும் அரசு ஆவணத்தில் கிடைக்காதவை. வெயிலில் காய வைக்காமல் நிழலில் காற்றாட விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். செல்லோடேப் ஒட்ட வேண்டாம், பிசின் தாளைத் தின்னும். அப்புறம் பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறைக்கோ வரலாற்றுத் துறைக்கோ சொல்லி அனுப்புங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், பிரதி போதும். யாராவது மூலமே வேண்டும் என்று அடம் பிடித்தால், வாங்கிக்கொண்டதாகத் துறையின் முத்திரையோடு ரசீது எழுதி வாங்குங்கள்.